எட்டு போர்டும் ஒரு விளக்குமாறும்

கரமனைப் பாலத்தைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் கடை இருந்தது. போர்டு எழுதுகிற கடை. தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் இப்படிக் கடைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. ஃபிளக்ஸ் வந்து எங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனதற்கு முந்திய காலம் அது. கடைப் பெயர், கல்யாண வளைவு, 'நாய் உண்டு, ஜாக்கிரதை', இறந்தவர்களின் பெரிய படம் என்று எது கேட்டாலும் நாங்கள் செய்து கொடுப்போம். 'நாங்கள்' என்று இன்றைக்குத் தைரியமாக எழுதுகிறேன். அன்றைக்கு 'எங்க வீட்டுக்காரர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். அவருக்கு எழுத்து வரும். சும்மா சொல்லக்கூடாது, மலையாளமோ தமிழோ இங்கிலீஷோ, சாக்பீஸ் தடவிய நூலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாரென்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் முகம் வராது. அவர் வரைந்தால் எப்பேர்ப்பட்ட மனுஷனும் பல்வலிக்காரனாகிவிடுவான். விரல்களோ வாழைச் சீப்பு. அதனால் கல்யாணமான மூன்றாம் மாதமே முகம், கை, சேலை மடிப்பு, பூ, பழம் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. நாகர்கோவிலில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் கிளாஸ் மட்டும்தான் எனக்கு இனித்தது. நோட்டுப் புத்தகத்தில் கணக்கை விடப் படம்தான் அதிகம். வீட்டில் அதற்காக வாங்கிய அடியெல்லாம் கரமனையில் வந்து உதவியது.

ஒருநாள் ஒரு வக்கீல் தன் காலஞ்சென்ற அப்பாவின் போட்டோவைக் கொண்டுவந்தார். பெரிதாக வரைந்து ஆபீசில் மாட்ட வேண்டுமாம். அடுத்த வாரம் அவர் எட்டிப் பார்த்தபோது நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று அப்பாவின் மூக்கை முடித்துக்கொண்டிருந்தேன். "வீட்டுப் பெண்ணுங்களை வெச்சா என்றெ அச்சனை வரைக்குன்னது?" என்று போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மூக்கு நன்றாகவே இருந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை. எனக்கு வந்ததே கோபம்! நாலு நாள் அந்த மூக்கைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்துவிட்டது. அன்று முதல் கடைக்கு ஒரு சட்டம். யாராவது படியேறினால் அவர் இரண்டு முறை செருமுவார். நான் உடனே பிரஷை வாளிக்குப் பின்னால் போட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தவர் என்னைப் பார்த்தால் அவர் சொல்லும் வாக்கியமும் தயார்: "அவள் பெயிண்டு கலக்கித் தரும், அத்ரேயுள்ளு." பெயிண்டு கலக்கிக் கொடுப்பாள், அவ்வளவுதான். பிறகு நான் பக்கத்துக் கடையில் போய் வந்தவருக்கு டீ வாங்கி வருவேன். இந்தப் பழக்கம் எனக்குள் எப்படி ஊறிப்போயிற்று என்றால், ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நிஜமாகவே சளி பிடித்தபோது நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை கடையைப் பெருக்கினேன்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பிடும்போது "ஒன் கை இல்லேன்னா என் கட பூட்டிப் போவும் பிள்ளே" என்று சொல்லுகிறவர்தான். ஆனால் அதை என்னிடம் மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத் தெரியாததா அது?

பொன்முடி போகிற வழியில் கல்லாற்றில் கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் எச்சரிக்கை போர்டு கேட்டார்கள், ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று. எழுத்து அவர். தண்ணீருக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கை நான். என் இடது கையைப் பார்த்தே வரைந்தேன். அரிவாள்மணை வெட்டிய தழும்பு ஆள்காட்டி விரலில் அப்படியே வந்துவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பொன்முடிக்கு பஸ்ஸில் போனோம். கல்லாற்றில் பஸ் நின்றபோது முன்சீட்டு அம்மா தன் பிள்ளையிடம் அந்தக் கையைக் காட்டி, "கண்டோடா? இறங்கினா இதுதான் கதி. ஆரு வரச்சதோ, என்றெ உள்ளு கிடுங்கிப் போயி" என்றார். யார் வரைந்ததோ, நெஞ்சே நடுங்கிப்போயிற்றாம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி 'என் கைதான் அம்மா, இதோ தழும்பு' என்று கத்த வேண்டும்போல இருந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். போர்டின் வலது மூலையில் அவர் பெயர், அதன் அடியில் பாம்பு வால் மாதிரி ஒரு சுழி. முடித்த போர்டில் கையெழுத்துப் போடாமல் அவர் கடைப்படி இறக்கவே மாட்டார்.

எனக்கு அப்போது ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. யாராவது ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், 'இதை நீயா வரைந்தாய்?' என்று என்னைக் கேட்க வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. இது ஒரு பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் டீச்சர் வந்தார். எங்கள் கடைக்குப் பின்சந்தில் குடியிருந்தவர், காலேஜில் சரித்திரம் எடுப்பவர், என் வயதுதான் இருக்கும். கையில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனத்தில் ஒரு புத்தகம். மாதர் சங்க ஹாலில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம். சரித்திரத்தில் படம் வரைந்த பெண்கள், யாரும் கவனிக்காமல் விட்டுவிட்ட பெண்கள், அவர்களுடைய படங்களில் எட்டை மட்டும் கதவு உயரத்துக்குப் பெரிதாக வரைந்து கொடுக்க வேண்டும். நான் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். டீச்சர் படியிறங்கியதும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"எட்டும் படம். ஒரு எழுத்துகூட இல்ல. ஒனக்குள்ள ஜோலியாக்கும் பிள்ளே."

சொல்லிவிட்டு அவர் ஒரு சிமெண்ட் கம்பெனிக்குச் சுவர் விளம்பரம் எழுத நெய்யாற்றின்கரை பக்கம் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு நாள் வேலை. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புத்தகத்தின் மேல் கண்ணாடித் தாள் வைத்துக் கட்டம் போட்டு, பிளைவுட்டில் பெரிய கட்டம் போட்டு, ஆரம்பித்தேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் டீச்சர் வந்துவிடுவார். குடை முனை படியில் தட்டுகிற சத்தம் கேட்கும். பிரஷ் வாளிக்குப் பின்னால், விளக்குமாறு கையில். "சேட்டன் எவிடே சேச்சி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்பார். "இப்பதான் வெளிய போனாவ" என்பேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். வரைகிறவர் இல்லாததால், படங்களின் கதையெல்லாம் பெருக்குகிறவளிடம் சொல்லத் தொடங்கினார்.

அம்மாடி, என்னென்ன கதைகள்! விளக்கடியில் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணை வரைந்தவள் டச்சுக்காரி. அவள் படங்களைப் பேர்போன ஓர் ஆண் ஓவியனுடையவை என்று சொல்லி, அவன் பெயரை எழுதியே விற்றிருக்கிறார்களாம். ஆணின் தலையை அறுக்கும் பெண்ணை வரைந்தவள் இத்தாலிக்காரி, ஓவியரின் மகள். அந்தப் படத்தில் சட்டைக் கையை மடக்கி விட்டிருக்கிற விதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் சமையல்கட்டில் மீன் அறுத்தவள்தான். வேறு சில பெண்கள் ஏன் வாழ்நாள் முழுக்கப் பூவும் பழமுமாக வரைந்தார்கள் தெரியுமா? துணியில்லாமல் ஆட்களை நிறுத்தி வரையச் சொல்லித்தரும் வகுப்புக்குள் பெண்களை விடமாட்டார்களாம். பிரான்ஸில் வெளிச்சத்தையே வரைகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஆண்கள் டீக்கடை, நடனக் கூடம் என்று திரிந்து வரைந்தார்கள். தனியாக அங்கெல்லாம் போகமுடியாத பெண்கள் பால்கனியையும் தொட்டில் பிள்ளையையும் வரைந்தார்கள். ஜெர்மனியில் எல்லாம் புதுசு, எல்லாருக்கும் சமம் என்று ஒரு கலைப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நம்பி வந்த பெண்களைத் தறிப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். அதில் ஒருத்தி நெய்த துணியை எனாமல் பெயிண்டில் இழை இழையாக இழுத்து முடிப்பதற்குள் எனக்கு நாலு நாள் போய் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

"இவிடேயும் உண்டு சேச்சி, நம்ம ஊர்லயும்," என்றார் டீச்சர். "நம்ம எல்லார் வீட்டு காலண்டர்லயும் சாமி படம் வரைஞ்ச அந்த ராஜாவோட படம்தானே? அந்த ஆளுக்கு ஒரு அனியத்தி இருந்தது. தங்கச்சி. அவளும் வரையும். எத்தனை பேருக்கு அறியும்?"

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் அந்தக் காலண்டர் உண்டு.

ஒருநாள் டீச்சர் தலையறுக்கும் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "சேட்டன் எத்ர நன்னாயிட்டு வரைக்குன்னு! ஒரு ஆணுக்கு இந்தக் கோபம் எப்படிப் புரிஞ்சுதோ!" என்றார். நான் பெருக்கிய வேகத்தில் தூசி பறந்து, ஈரப் பெயிண்டில் ஒட்டி, அறுபடுகிறவனுக்கு ஒரே நாளில் தாடி நரைத்துவிட்டது. மறுநாள் முழுவதும் அதைச் சுரண்டினேன்.

இன்னொரு நாள் அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆலோசிச்சு நோக்கு சேச்சி. எத்தனை பெண்ணுங்க இதுபோல நாம அறியாமலே போயிருப்பாங்க."

வாளிக்குப் பின்னாலிருந்து சிவப்பு பெயிண்ட் வழிந்து என் குதிகாலைத் தொட்டது. நான் வாயைத் திறந்தேன். வாக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. உடனே அந்த வக்கீல் போட்டோவைப் பிடுங்கிய காட்சி கண்ணில் வந்தது. இவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால்? ஆர்ட்டிஸ்டுக்குக் கொடுத்த வேலையை வீட்டுக்காரியா செய்தாள் என்று கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டு, டீ வேண்டுமா என்று கேட்டேன்.

கண்காட்சி அன்று விடிகாலையில் அவர் நெய்யாற்றின்கரையிலிருந்து திரும்பினார். நான் வீட்டில் குளித்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகக் கடைக்குப் போய், எட்டு போர்டையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"பிள்ளே, அந்தத் தல அறுக்கவ இருக்காளே, அவளப் பாத்தா எனக்கே கழுத்து வலிக்கி."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன். பத்து மணிக்கு அவரே போர்டுகளை நியூஸ் பேப்பரில் சுற்றி டெம்போவில் ஏற்றி அனுப்பினார். மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் இருவரும் பெயிண்டு டப்பா, பிரஷ், துணி சகிதம் ஹாலுக்குப் போனோம். போர்டு மாட்டும்போது எங்காவது உரசினால் சரி செய்ய வேண்டுமே. காலேஜ் பெண்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பரைப் பிரித்தேன்.

வலது மூலையில் வெள்ளை எனாமலில் அவர் பெயர். அடியில் பாம்பு வால்.

இரண்டாவதைப் பிரித்தேன். பாம்பு வால். மூன்றாவது, நாலாவது. எட்டிலும்!

"ஒங்களுக்குக் கொஞ்சமாவது வெவரம் உண்டுமா? எட்டுப் பொம்பளையளுக்க படம். எட்டுலயும் ஒங்க பேரா?"

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. "காலைல பாத்தப்ப ரொம்ப நல்லா இருந்துது பிள்ளே. முடிஞ்ச போர்டு. கை தன்னால போய்ட்டு" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். அந்த டச்சுக்காரியின் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். மூலையைப் பார்த்தார். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். "பாவம், அவளுக்கு இங்கயும் ரட்சை இல்ல! அங்க ஒருத்தன், கரமனைல ஒருத்தன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ, நாலு மணிக்கு உத்காடனம். திறந்து வைக்க மேடம் வரும். சேட்டா, வேகம் அதை மாய்க்கணும்!"

என் வீட்டுக்காரர் துணியில் டர்பன்டைன் நனைத்து அழுத்தித் துடைத்தார். காலையில் போட்ட வெள்ளை போயிற்று. அதோடு அடியில் நான் போட்டிருந்த பெயிண்டும் போயிற்று. டச்சுக்காரியின் படத்தில் மேஜை விரிப்பின் மடிப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. பதற்றத்தில் மனுஷன் எட்டையும் துடைத்துவிட்டார். எட்டு மூலையிலும் சேறு.

"சாரமில்ல, பரவாயில்ல, சேட்டன் வரச்ச படமல்லே, சேட்டன் சரியாக்கும்" என்றார் டீச்சர்.

என் வீட்டுக்காரர் பிரஷை எடுத்தார். நெற்றியில் வேர்வை. மேஜை விரிப்பில் ஒரு மடிப்பு போட்டுப் பார்த்தார். அது சாக்கடைக் குழாய் மாதிரி வந்தது. இன்னொன்று போட்டார். இரண்டு குழாய். டீச்சரின் கண் சுருங்கியது. காலேஜ் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம் நான் அசையவில்லை. முழுகட்டும், கல்லாற்றுக் கை மாதிரி தண்ணீருக்கு மேலே கையை நீட்டட்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த விரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. பன்னிரண்டு நாள் என்னோடு இருந்த படங்கள். அந்த டச்சுக்காரி பாவம், எத்தனை பேர் கையில்தான் கெடுவாள்?

"தள்ளுங்க" என்று பிரஷை வாங்கினேன்.

பழுப்பும் வெள்ளையும் கலந்து முதல் மடிப்பை இழுத்தேன். ஓர் ஆளும் செருமவில்லை. ஷட்டர் இல்லை. முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் மூச்சு விடுவது கேட்டது. முதல் போர்டு முடிந்து இரண்டாவதற்கு நகர்ந்தபோது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சேச்சி... எட்டுமா?"

"ஆமா டீச்சரே. எட்டும்."

"நான் கதை சொல்லிட்டிருந்தப்ப எல்லாம்?"

"பிரஷ் வாளிக்குப் பின்னாடி கெடந்துது."

டீச்சர் பெயிண்டு டப்பாவை எடுத்து எனக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டார். அவர் புடவையில் பட்ட மஞ்சள் கடைசிவரை போகவேயில்லை என்று பிறகு ரொம்பநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது போர்டில் இருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மேடம் வந்துவிட்டார். வெளுத்த கைத்தறிப் புடவை, வெள்ளை முடி, ஏதோ பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் இரண்டு முறை செருமினார். பழக்கம்! அவருக்குக் கை தன்னால் போகிறது போல எனக்கும் போயிற்று. பிரஷ் கீழே விழுந்தது. நாற்காலி ஓரம் சாய்த்திருந்த ஹாலின் விளக்குமாறு என் கையில் இருந்தது. நான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

மேடம் ஆறாவது படத்துக்கு முன்னால் நின்று, ஈரமான மூலையைப் பார்த்து, என்னைத் தாண்டி அவரைப் பார்த்தார். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நிங்களாணோ இது வரச்சது?"

என் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார். என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார். நான் விடாமல் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. குனிந்து பிரஷை எடுத்து, சட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார். விளக்குமாற்றோடு நிமிர்ந்து நின்று, ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஞானல்ல மேடம். இவளாணு. ஞான் பெயிண்டு கலக்கித் தரும், அத்ரேயுள்ளு."

மேடம் என் பக்கம் திரும்பினார். "மோளாணோ வரச்சது?" என்று கேட்டார். நீயா வரைந்தாய் என்று.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அழுதேன் என்று டீச்சர் சொல்வார். டர்பன்டைன் கண்ணில் பட்டது என்று நான் சொல்வேன். அழுதேன்தான்.

அப்போது சங்கத்து அம்மா ஒருவர் அவசரமாக வந்து, விளக்குமாறும் கையுமாக நின்ற என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். "சேட்டா, மேடத்தினு ஒரு சாய வாங்கிச்சு வருமோ?"

அவர் போனார். தெருமுனைக் கடையிலிருந்து இரண்டு கிளாஸ் டீயோடு திரும்பி வந்து ஒன்றை மேடத்திடம் கொடுத்தார். இன்னொன்று எனக்கு. என் கை இரண்டிலும் பெயிண்டாக இருந்தது, இன்னும் இரண்டு மூலை பாக்கி. நான் முடிக்கும்வரை அவர் என் பக்கத்தில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.